காய்வதற்குள் துடைக்க வேண்டும்

உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்கள் சார், துடைத்துத் தருகிறேன். சட்டை நுனியால் துடைக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. உள்ளே வந்தவுடனேயே கவனித்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடம் லென்ஸ் பொருத்தியவன் நான். அழுக்கு வழியாக உலகத்தைப் பார்த்துப் பழகிப்போனவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான், மறைப்பானேன்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாகத்தான் வந்தார். நெஞ்சுவலிக்காரர், ஆஸ்பத்திரி இங்கே பக்கம் என்றாள் அவள். பத்து நாள் மூன்று மாதமானது. அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. சாப்பிடட்டும், தூங்கட்டும், என் நாற்காலியில் கால் நீட்டி உட்காரட்டும். குளித்து முடித்ததும் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

எங்கள் குளியலறையில் தடுப்பாக நான்கு பெரிய கண்ணாடிகள் நிற்கின்றன. குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர். ஈரமாக இருக்கும்போதே ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால் போய்விடும். காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். மச்சானுக்குப் புரியவில்லை.

"தண்ணி பட்ட எடத்துல தண்ணி நிக்கத்தானே செய்யும் மாப்ளே? இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்களே" என்று சிரிப்பார். என் மனைவி எப்போதும் அவர் கட்சி. "அண்ணனே முடியாதவரு. நீங்க தொடச்சா கை தேஞ்சா போயிடும்?" என்பாள்.

அன்று காலை அவள் கடைக்குப் போனதும் வேலையில் இறங்கினேன். காகிதத்தை வினிகரில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் தேய்த்து, கழுவி, வழித்து. மூன்று மாதக் கறைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. முடித்தபோது அங்கே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. மச்சான் எட்டிப் பார்த்தார்.

"அடடே, பளபளன்னு ஆக்கிட்டீங்களே மாப்ளே" என்றவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே குளிக்கப் போய்விட்டார்.

பாடிக்கொண்டேதான் குளித்தார். நடுவில் பாட்டு நின்றது, ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. இடுப்பில் துண்டோடு தரையில் சாய்ந்து கிடந்தார். ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை என் கண்ணாடியில், ஐந்து விரலும் பதிய.

"மாத்திரை... மாப்ளே... சட்டப் பையில..."

நாக்கடியில் வைக்கிற மாத்திரை. சட்டை கதவு ஆணியில், என் தோளை உரசியபடி தொங்கியது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர்த் துளி. வெயில் நேரம், ஜன்னலும் திறந்திருந்தது. நான் வைப்பரை எடுத்தேன்.

"கைய எடுங்க மச்சான்" என்றேன். எடுத்தார். மூன்று மாதத்தில் என் பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மாத்திரையைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். செத்தவர் தலை இன்னும் ஈரமாக இருக்கிறது, கண்ணாடியில் மட்டும் ஒரு துளி, ஒரு கறை இல்லையே என்று கேட்டீர்கள். இந்த மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தீர்களே, ஆச்சரியம்தான். ஆமாம், துடைத்தேன். மனிதன் கொஞ்சம் பொறுத்துக்கொள்வான், காய்கிற தண்ணீர் பொறுக்காது. வேறு காரணம் எதுவும் இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வாக்குமூலத்தில் எழுதுவதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான்கு கண்ணாடிக்கும் சேர்த்து நான்கு நிமிடம் ஆனது. முதல் தடவையிலேயே சுத்தமாகிவிட்டது, ஒரு பொட்டு ஈரமில்லை. திரும்பிப் பார்த்தேன். மச்சான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அதனால் மறுபடியும் முதல் கண்ணாடியிலிருந்து ஆரம்பித்தேன்.