நாலு வரிப் பேரிக்காய்

இல்ல ஜட்ஜ் மேடம், மொழிபெயர்ப்பாளர்லாம் வேண்டாம். நான் ஹல் ஊர்ல பொறந்த இங்கிலீஷ்காரிதான், ஆனா இருபத்திரண்டு வருஷமா பிரான்ஸ்ல, இந்த பர்கண்டியிலதான் குப்பை கொட்டிட்டு இருக்கேன். அதுவுமில்லாம என் வேலையே அதுதான், பிரெஞ்சு மெனுவ இங்கிலீஷ் ஆக்கறது. எனக்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் வெச்சீங்கன்னா, வெளிய உக்காந்திருக்கற என் புருஷன் ஜெர்வே சிரிப்பாரு. சிரிச்சா நல்லதுதான். மார்ச்சு மாசத்துலேர்ந்து அவர் சிரிச்சு நான் பாக்கல.

விவாகரத்துக்கு சம்மதமான்னுதானே கேட்டீங்க? அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன். முதல்ல நான் ஒண்ணு கேக்கணும். எனக்கு முன்னால ஜெர்வே உள்ள வந்து கால் மணி நேரம் இருந்தாரே, வாயத் தொறந்து பேசினாரா? நிஜமாவா? கால் மணி நேரமுமா? என்ன சொன்னாரு, இவ என் பேச்ச எல்லாம் வெட்டிட்டான்னா? ஆமா, வெட்டினேன். அதுல மறைக்க என்ன இருக்கு.

எங்க ரெஸ்டாரண்ட் கால்வாய் ஓரமா இருக்கு மேடம். கோடையில படகு எடுத்துட்டு வர்ற இங்கிலீஷ்காரங்கதான் பாதிக் கூட்டம். சமைக்கறது அவரு, மெனு எழுதறதும் அவரு. வீட்ல அந்த மனுஷன் பேசினா உப்பு எங்க, சாவி எங்க, அவ்வளவுதான். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கூட கேக்கல. எங்கம்மாவுக்கு ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டிய அனுப்பிட்டு சும்மா இருந்துட்டாரு. ஆனா பேப்பரும் பென்சிலும் கைல கெடச்சிட்டா போதும், ஒரு கேரட்டுக்கு நாலு வரி எழுதுவாரு. காலைப் பனியை நினைத்து ஏங்கியபடி வெண்ணெயின் மடியில் மெல்லக் கண்ணயரும் இளம் கேரட். முயல் இருக்கே, அது கடுகை நம்பித் தன் முதுகையே ஒப்படைக்கும். புறா அடுப்புகிட்ட சரணாகதி. பிரெஞ்சுல இதெல்லாம் யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க. நீங்க கூட படிச்சுத் தலையாட்டிட்டு ஆர்டர் பண்ணுவீங்க.

நான் புதுசா வந்த வருஷம், பயபக்தியோட ஒரு சொல்லு விடாம அப்படியே இங்கிலீஷ்ல போட்டேன். ஜூன் மாசம் இங்கிலாந்துல லீட்ஸ்லேர்ந்து எட்டுப் பேர் வந்தாங்க. ஒருத்தன் எழுந்து நின்னு முயல் சமாச்சாரத்த சத்தமா வாசிக்கறான், மத்த ஏழு பேரும் மேஜையத் தட்டித் தட்டிச் சிரிக்கறாங்க. ஒருத்திக்கு மூக்குல ஒயின் ஏறிடுச்சு. ஜெர்வே சமையல்கட்டு வாசல்ல நின்னு பாக்கறாரு. நம்ம சாப்பாடு இவங்களுக்கு இவ்வளவு சந்தோஷம் குடுக்குதேன்னு, முகமெல்லாம் பல்லா, எட்டுப் பேருக்கும் சும்மாவே சீஸ் அனுப்பினாரு. இந்த மனுஷனப் பாத்து இனிமே எவனும் சிரிக்கக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

அதுலேர்ந்து கத்திரிதான். முயல், கடுகு சாஸ். புறா, பட்டாணி. கேரட்ட விட்டே விட்டேன், அது பக்கத்துல தானா வந்துரும். இங்கிலீஷ்காரங்களுக்குப் பரம திருப்தி. ஒரு லண்டன் பத்திரிகையில, இந்த சமையல்காரர் அடக்கமானவர், அளந்து பேசறவர்னு எழுதிட்டாங்க. படிச்சுக் காட்டினேன். அடக்கமா, நானான்னு மூணு நாள் மொறச்சுக்கிட்டே வெங்காயம் நறுக்கினாரு.

வருஷத்துக்கு நாலு மெனு. அவர் நாலு வரி, நான் ரெண்டு சொல்லு, பக்கத்துப் பக்கத்துல அச்சாகி வரும். ஒரே ஒருவாட்டி கேட்டாரு, மீதியெல்லாம் எங்க போச்சு ஜில்லியன்னு. இங்கிலீஷுக்கு அது தேவைப்படாதுன்னேன். உங்களப் பாத்து சிரிச்சாங்கன்னு எப்படிச் சொல்றது? இன்னிவரைக்கும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க.

இந்த பிப்ரவரியில எங்கக்காவுக்கு ரொம்ப முடியலன்னு ஹல்லுக்குப் போனேன். ஆறு வாரம் இருந்தேன், அக்கா போய்ச் சேந்துட்டா. அத்தன நாள்ல ஜெர்வே போன் பண்ணது ரெண்டே தடவ. ஒண்ணு, பெரிய வடிகட்டி எங்கன்னு. இன்னொண்ணு, கெடச்சிடுச்சுன்னு. எனக்கு மனசு விட்டுப் போச்சு மேடம். திரும்பி வந்து பெட்டிய வெச்சேன், அவர் முகத்தப் பாக்கல. மேஜை மேல வசந்த கால மெனு எழுதி வெச்சிருந்தாரு, மறுநாளே அச்சுக்குப் போகணும். கோவத்தோட உக்காந்து, எப்பவும் போல பொருள் பேருக்கு அடியில மட்டும் கோடு போட்டுப் பொறுக்கி, அரை மணியில முடிச்சு அனுப்பிட்டேன். கடைசியா இருந்தது ஒரு பேரிக்காய். வேகவெச்ச பேரிக்காய், கேரமல்னு போட்டேன்.

அச்சடிச்சு வந்த அன்னிக்கு அவர் அட்டையத் தொறந்து என் பக்கத்தப் பாத்தாரு. மதிய சமையல ஒழுங்கா முடிச்சாரு, ஏப்ரனக் கழட்டி ஆணியில மாட்டினாரு, தம்பி வீட்டுக்குப் போனவர்தான். சமைக்க மட்டும் வர்றாரு. அப்புறம் வக்கீல் கடுதாசி வந்துது. வேற எவளோன்னு நெனச்சேன். போனா போன்னு நானும் வீம்பா இருந்துட்டேன்.

மே மாசம் படகுல ஒரு வயசான இங்கிலீஷ்காரம்மா வந்தாங்க, பிரெஞ்சு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. மெனுவுல அவரோட பிரெஞ்சுப் பக்கத்துல வெரல வெச்சு, ஏம்மா, இந்தப் பேரிக்காய் யாருக்குன்னாங்க. யார் கேட்டாலும் குடுப்போம்னேன். இல்லியே, யாரோ ஒருத்திக்குன்னு போட்டிருக்குதேன்னு அவங்களே வாசிச்சாங்க.

பாக்காமலே சொல்றேன், கேளுங்க. எதிர் நாற்காலி ஆறு வாரம் காலியாக இருந்த மேஜையில், பேசத் தெரியாத ஒருவன், தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்துவிட்டு, கேட்க வேண்டிய மன்னிப்பையெல்லாம் சிறு தீயில் வேகவைத்த பேரிக்காய். வீடு திரும்பியவளுக்கு மட்டும்.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க! கேரட்டுக்கே அப்படி உருகற மனுஷன், பொண்டாட்டிக்கு உருகறப்ப ஏதாவது வித்தியாசம் காட்ட வேண்டாமா? எனக்கு எப்படித் தெரியும்? இல்ல, அழல. சரி, அந்த டிஷ்யூ பேப்பரக் குடுங்க. வர்றவன் போறவன் எல்லாம் படிக்கற அட்டையில என்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்காரு மேடம். அதுக்குப் பக்கத்துலயே என் பதில் அச்சாகியிருக்கு, வேகவெச்ச பேரிக்காய், கேரமல்னு. அவர் வழக்குப் போடாம வேற என்ன செய்வாரு?

அடுத்து எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடுவீங்கல்ல? அதுக்கு முன்னால இந்தக் காகிதத்தக் கொஞ்சம் அவர்கிட்ட குடுத்துடுங்க. என் கையால குடுத்தா நான் உடைஞ்சுடுவேன். வேற ஒண்ணுமில்ல, அந்தப் பேரிக்காய்தான், இங்கிலீஷ்ல. முழுசா மூணு வாரம் புடிச்சுது. இங்கிலீஷ்காரன் எவனும் ஜென்மத்துல இப்படி எழுத மாட்டான், வெளிய தெரிஞ்சா என் தொழிலே போச்சு. ஆனா ஒரு சொல்லு விடல, வேணும்னா எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. அடியில ஒரு வரி மட்டும் அவர் எழுதாதது, நானா சேத்தது. வீடு திரும்பியவள் இன்னும் சாப்பிடவில்லைன்னு.