டெம்யானுக்கு வார்த்த இருக்கை

மனிதகுலத்தின் மேலான கவனத்துக்கு: அறுபது ஆண்டுகளாக வடிவம் பெரிதும் மாறாத, சோயுஸ் என்னும் ரஷ்ய விண்கலத்தின் தலையாய உறுப்பு எதுவென்று இதனால் அறிவிக்கப்படுகிறது. எந்திரம் அல்ல. ஏறுகிறவரின் முதுகும் பிட்டமும்தான். ஒவ்வொருவரையும் ஈரப் பிளாஸ்டரில் படுக்கவைத்து, அச்செடுத்து, அவருக்கென்றே இருக்கை வார்ப்பார்கள். ஒருவர் இருக்கை இன்னொருவருக்கு ஆகாது. தரையில் மோதும்போது முதுகெலும்பு போய்விடும்.

இரவு இரண்டு மணி. கசாக் புல்வெளியில் ஒற்றைப் பாதை. விடிந்தால் ஒரு கலம் இறங்கும். மீட்பு வண்டிக்குள் குளிரில் முடங்கிக் கிடந்தவர்களிடம் ஓட்டுநர் செரிக்பாய், தன் மைத்துனனின் நண்பன் டெம்யானுக்கு நேர்ந்ததைச் சொன்னார்.

டெம்யானும் இலாரியோனும் ஒன்பது ஆண்டு ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். பறக்க வேண்டியவன் இலாரியோன். டெம்யான் மாற்றாள். ஒருநாள் நீராவிக் குளியலில் இலாரியோன் காதோடு சொன்னான்: "நெஞ்சு அப்பப்ப படபடங்குதுடா... உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

மறுநாளே அது மருத்துவக் குழுவின் மேசையில் இருந்தது. டெம்யானின் அழகான கையெழுத்தில்.

"நீயாடா?"

இலாரியோன் கேட்டது அவ்வளவுதான். பனி உருகுமுன் அவனைப் புதைத்தார்கள். அவன் இருக்கையை உடைத்துக் குப்பையில் போட்டார்கள். பறக்கும் இடம் டெம்யானுக்கு வந்தது; அவன் முதுகுக்குப் புதிய இருக்கை வார்த்தார்கள்.

ஏவுதளம் போகும் வழியில், சம்பிரதாயப்படி பேருந்தை நிறுத்தி, வீரர்கள் மூவரும் பின்சக்கரத்தில் சிறுநீர் கழித்தார்கள். மகத்தான பயணங்கள் இப்படித்தான் தொடங்கும். நின்றது மூன்று பேர். டெம்யான் காதில் விழுந்தது... நான்கு சத்தம்.

"சரியா எண்ணினானா?" என்று செரிக்பாயை இடைமறித்துக் கேட்டார், மீட்பு வண்டியில் இருந்த மருத்துவர் ஸினைதா.

"வானத்துக்குப் போறவனுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா, டாக்டரம்மா?"

மேலே விண்வெளியில் ஆறு மாதம் ஒன்றுமில்லை. திரும்பும் நாள், ஏறும்போது கச்சிதமாக இருந்த அதே இருக்கையில் டெம்யான் படுத்தான். கலத்தின் மூன்று துண்டில் நடுத்துண்டு மட்டுமே வீடு திரும்பும். டப்... டப்... மற்ற இரண்டும் கழன்றன.

அப்போது வந்தது வாசம். ஈரப் பிளாஸ்டர்.

முதுகுக்கடியில் சில்லென்று... இருக்கை மெல்ல அகலமானது. தோளில் ஒரு குழி. இடுப்பில் ஒரு மேடு. அதற்கும் அடியில்... படபட... படபட... நின்றது. மறுபடி படபட...

தரையிறங்கியதும் மற்ற இருவரும் சிரித்தபடி வெளியே வந்தார்கள். டெம்யானைத் தூக்கித்தான் எடுத்தார்கள். முதுகு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. "இது எனக்கு வார்த்தது இல்ல" என்று முனகிக்கொண்டே இருந்தான்.

விசாரணைக் குழு மூன்று மாதம் ஆராய்ந்து ஒரே வரி எழுதியது: இருக்கையில் குறை ஏதுமில்லை, கோப்பிலுள்ள இலாரியோனின் அளவுகளோடு மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது.