சடகோபனுடைய இடம்

நாமகிரி மாமி போடும் காபியில் எப்போதுமே சர்க்கரை ஒரு சிட்டிகை கூடுதலாகத்தான் இருக்கும். சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று நான் சொன்னதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டுக்குக் கொல்லைக் கதவு வழியாகப் போவேன். கிணற்றடியில் உட்கார்ந்து குடிப்பேன். டம்ளரை நானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவேன். அதையும் நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார், அந்த வீட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

மாமியின் மகன் சடகோபனும் நானும் சென்னையில் ஒரே பொறியியல் கல்லூரியில் முதல் வருடம் சிவில் படித்தோம். இருவருக்கும் மனசு எலெக்ட்ரிகல் மேல். அங்கே குளிரூட்டிய அறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். எலெக்ட்ரிகல் பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம். திருப்புட்குழியில் நெல் பயிரிடுகிறவர் என் அப்பா. அந்தக் கண்ணாடிக்கு உள்ளே போக நான் ஆசைப்பட்டது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் வருட எலெக்ட்ரிகலில் ஓர் இடம் காலியானது. வேறு பிரிவிலிருந்து ஒருவர் மாறலாம் என்றார்கள். மதிப்பெண்ணில் சடகோபன் முதலில், நான் அடுத்து. சொன்ன நாளில் கல்லூரி முதல்வர் முன்னால் நேர்காணலுக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடுமுறையில் ஒரு சாயங்காலம் மாமி கூப்பிட்டார்கள்.

"கோதண்டபாணி, இந்தக் கெணத்து மோட்டார் பிராணனை வாங்கறதுடா. போட்ட உடனே ஃபியூஸ் போயிடறது. காலம்பற மாமா ஈரத்தோட நின்னுண்டே இருக்கார், பாவம்."

"நான் பாக்கறேன் மாமி. நீங்க கிட்ட வராதீங்க."

சடகோபன் உள்ளே ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். புத்தகம் அவனுக்கு, ஸ்குரூ டிரைவர் எனக்கு என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வது வழக்கம். மோட்டாரைத் திறந்தேன். உள்ளே கம்பிச்சுற்று நைந்துபோய், மின்சாரம் இரும்பு உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் போனது அதனால்தான். அது அப்படி உடனே எரிந்து அறுந்துபோனால் ஆளுக்கு ஆபத்தில்லை. எங்கள் வயல் பம்ப்செட்டில் இதே கோளாறில் ஓர் எருது செத்திருக்கிறது.

காஞ்சிபுரத்தில் ஃபியூஸ் போனால் யாரும் கடைக்கு ஓடுவதில்லை. பக்கத்துத் தறி வீட்டில் ஒரு துண்டு ஜரிகை வாங்கிக் கட்டிவிடுவார்கள். ஓர் இழை என்றால் அதுவும் எரிந்துபோகும். நான் ஒரு கொத்தாகச் சேர்த்து முறுக்கிக் கட்டினேன். ஊரே செய்கிற வேலை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மாமி இன்னொரு டம்ளர் காபி கொடுத்தார்கள்.

சடகோபனின் அப்பா யதிராஜன் மாமா விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு தானே மோட்டாரைப் போட்டு, இரும்புக் குழாயைப் பிடித்தபடி பெருமாளுக்குக் குடம் நிரப்புவார். மடி என்பதால் வேறு யாரையும் அருகில் விட மாட்டார். அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மாமிக்கோ சடகோபனுக்கோ ஏதாவது ஆகிவிடக் கூடாதே.

மறுநாள் காலை நான் போனபோது மாமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சடகோபன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"என்னால இனிமே எங்கயும் நகர முடியாதுடா. நேர்காணலுக்கு நீயாவது போ. ஒருத்தனாவது உள்ள போகணும்."

எனக்கும் அழுகை வந்தது. பொய்யாக அழவில்லை சார்.

சடகோபனை விட்டுவிட்டு ஏன் அவர் என்று கேட்டீர்கள். அவன் என் நண்பன். அவன் அந்த ஒரு நாள் வராமல் இருந்தால் எனக்குப் போதும். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் பதிமூன்று நாள் காரியம் முடியாமல் ஊரைத் தாண்ட மாட்டான். நேர்காணல் அதற்குள் வந்தது. மாமாவுக்கு வயதும் ஆகியிருந்தது.

சாவு வீட்டுக் கூட்டத்திலேயே ஜரிகையை எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸ் கம்பியைப் போட்டுவிட்டேன். மாமி தெரியாமல் குழாயைத் தொட்டுவிட்டால் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த அக்கறைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. காரியமெல்லாம் முடிந்தபின், அதுவரை யாரும் போடாத அந்த மோட்டாரின் ஃபியூஸைச் சடகோபன் கழற்றிப் பார்த்திருக்கிறான். கம்பி முழுசாக இருந்தது. திரும்ப மாட்டி மோட்டாரைப் போட்டான், உடனே எரிந்துபோனது. நேராகக் கல்லூரிக்கு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றான். நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"இன்னிக்கு எரிஞ்ச ஃபியூஸ், அப்பா தொட்ட அன்னிக்கு ஏன்டா எரியலை?"

அவ்வளவுதான் கேட்டான். வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. எலெக்ட்ரிகலுக்கு அவன்தான் லாயக்கு என்று நான் எப்போதுமே சொல்லியிருக்கிறேன்.

ஆமாம் சார், யதிராஜன் மாமாவைக் கொன்றது நான்தான். கல்லூரியில் என் இடம் இனி காலி. அதைச் சடகோபனுக்கே கொடுக்கும்படி நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஒரு நேர்காணலுக்கு வர முடியாமல் போனதைத் தவிர, அவனுக்கு நான் எந்தக் கெடுதலும் செய்ததில்லை.