ஐரிஷ்காரரின் பெட்டி

ஒனிஹங்கா போகும் ரயிலில் மாலை நெரிசல். சன்னல்களெல்லாம் மூச்சுப்பட்டு மங்கியிருந்தன. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் கழுத்தில் நூலக அடையாள அட்டை தொங்கியது.

“தம்பியை அந்த ஐரிஷ் எழுத்தாளரோடதான் வைச்சிருக்கிறன்,” என்றார் அவர். நான் போனைப் பார்ப்பதை விட்டேன்.

“என்ன அக்கா கதைக்கிறீங்கள்?”

“காணாமல் போக முதல் அவன் எழுதின கடிதங்களைச் சொல்லுறன். வீட்டு அலுமாரியில பூஞ்சணம் பிடிச்சு, ரெண்டில மை கரைஞ்சுபோச்சு. ஹீட்டர் பூட்டித் தாங்கோ எண்டு வீட்டுக்காரனுக்கு எத்தினை தரம் சொல்லுறது? லைப்ரரியில அந்த ஐரிஷ்காரற்ற கையெழுத்துத் தாளுகளுக்கெண்டே தனி அறை இருக்கு. வாசிச்சா லேசில விளங்காத ஆள். ஆனா அங்க கொஞ்சம் ஈரம் கூடினாலும் எனக்கு போன் வரும், ஓடிப்போய்ப் பாக்கவேணும். அதான் அவற்ற பெட்டி ஒண்டுக்குள்ள வைச்சிட்டன்.”

“ஆரும் காணமாட்டினமோ?”

“ஆறு வருசமா அந்தப் பெட்டியை ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப ஒரு புரொபசர் கேட்டிருக்கிறார். நாளைக்குக் காலமை வாறாராம்.”

“அப்ப வெள்ளனப் போய் எடுத்திடுங்கோவன்.”

“ஓம், எடுக்கத்தான் வேணும்.”

மூத்தவர் சன்னலைக் கைலேஞ்சியால் துடைத்தார். வெளியே மழை. துடைத்த இடம் மறுபடியும் மங்கியது.

“எடுத்து எங்க வைக்கிறது, சொல்லும் பாப்பம்.”