தோற்றவருக்கு ஒரு பிரியாணி

மகள் சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்ட பதற்றம் அடங்காமலே, அவள் கேட்டாளென்று மெயின் பஜார் பிரியாணிக் கடை வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் ஓர் இளம் தம்பதி.

“காலையில என் குதிரைப்படையையே கொன்னுட்டு, இப்ப எதுக்கு பிரியாணி?” என்றான் கணவன்.

திடுக்கிட்டுப் பார்த்தேன். அவள் கையிலிருந்த டப்பாவில் விரலளவுப் பொம்மை வீரர்கள். மேசைமேல் படை நகர்த்தி மோதும் போட்டியாம்.

“மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நிக்காதீங்க. மொத எடத்துல நானும் அந்த டீச்சரும் ஒரே பாயிண்ட். யாருகிட்ட தோத்தவங்க மத்த ஆட்டத்துல அதிகமா ஜெயிச்சிருக்காங்களோ, அவங்களுக்குத்தான் கப்பு. நான் தோக்கடிச்சதுல நீங்களும் ஒருத்தர்ல்ல? சாப்ட்டுப் போய் உங்க கடைசி ஆட்டத்த ஜெயிச்சிடுங்க, கப்பு எனக்கு.”

“அதுக்குக் காலையில என்னைக் கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கலாம்ல?”

“அப்பத் தெரியலியே!”

“கடைசி ஆட்டம் யாரோடன்னு தெரியுமா? எங்க ஷிப்ட் இன்சார்ஜோட. அவர ஜெயிச்சா இந்த மாசம் பூரா எனக்கு நைட் ஷிப்ட்தான்.”

அவள் யோசிக்கவேயில்லை. கடைக்காரரிடம் திரும்பினாள்.

“பாய், லெக் பீஸா பாத்துப் போடுங்க. நைட் ஷிப்ட் போற ஆளு.”