அறுபதடிக் கம்பி

— திரேசியா, கயித்தை விடு... இன்னும் விடு... மெதுவாடீ!

— இன்னுமா? இதுக்கு மேல இறக்கினா உங்க ஆன்டெனாவுல துணிதான் காயப்போடணும், இச்சாயா.

— போடு. கட்டின பொண்டாட்டி துணி காயப்போட்டா யாரு வேணாங்கறா?

— கம்பி அறுபதடியில நின்னாத்தான் ரேடியோவுக்கு மரியாதைன்னு குதிச்சது யாரு?

— நான்தான்.

— ரேடியோவுல ஜப்பான்காரனோட பேசினேன், பிரேசில்காரனோட பேசினேன்னு சர்ச் வாசல்ல...

— அதுவும் நான்தான்! உசரத்துல கட்டினா அலை ரொம்ப தூரம் போய் விழும். தாழக் கட்டினா நேரா மேல ஏறி, மழை மாதிரி பக்கத்துலயே இறங்கும்.

— பக்கத்துலன்னா?

— ஒரு முந்நூறு கிலோமீட்டருக்குள்ள.

— நம்ம குட்டநாட்டுலேர்ந்து... வயநாடு வரைக்கும்னு சொல்லுங்க.

— ...வெள்ளம் வந்தா போன் செத்துடும்டீ. அதுக்குத்தான்.

— ஓ... வெள்ளத்துக்கு! சரி, நேரா இழுத்துக் கட்டணுமா?

— வேணாம். நடுவுல தூக்கி, ரெண்டு பக்கமும் கூரை மாதிரி சாய்ச்சிடு. ஒத்தக் கம்பம் போதும். முனை மட்டும் கைக்கு எட்டக்கூடாது, பேசறப்போ தொட்டா சுட்டுடும்.

— வயநாட்டுல இருக்கற உங்க தம்பிக்கு ஒரு போன் பண்ணிடலாமே.

— குஞ்ஞாச்சன் பேரை எதுக்கு இப்போ இழுக்கற?

— நானா இழுத்தேன்? இந்தக் கம்பிதான் இழுக்குது.

— வீட்டைப் பாகம் பிரிச்ச அன்னிக்கு, நீ எனக்கு இச்சாயனே இல்ல, அண்ணனே இல்லன்னு சொன்னவன்டீ அவன். போன்னா நான்ல முதல்ல கூப்பிடணும்?

— இதுல?

— இதுல... காலையில ரேடியோக்காரங்க எல்லாரும் ஒரே அலையில கூடிப் பேசுவாங்க. அவனும் வருவான். சும்மா உக்காந்து கேக்கலாம். நெஞ்சு ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் எப்படி இருக்குன்னு... அவ்வளவுதான்.

— ஜப்பான்காரன் இருமினாக்கூட கேக்குது உங்களுக்கு.

— இவன் குரல்தான் கேக்க மாட்டேங்குதுடீ. எத்தனை நாளா காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கேன் தெரியுமா?

— ...தெரியும். பலாமரத்து முதல் கொப்பு உசரத்துல கட்டுங்க. அது போதுமாம்.

— போதுமாமா? யாரு சொன்னா?

— குஞ்ஞாச்சன்.

— ...நீ அவன்கூட பேசறியா?

— ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுமே தன் கம்பியை இறக்கிட்டாராம். "நான் பேசமாட்டேன் சேச்சி, இச்சாயன் குரல் ஒருதடவை காதுல விழுந்தா போதும்"னு தினமும் காலையில உக்காந்திருக்காரு. நீங்களும் இப்போ சும்மா கேக்கத்தான் போறேங்கறீங்க. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தா... யாரு இச்சாயா பேசறது?