யாரும் பார்க்காத உயிர்

கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவள் கணவனின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மலையாளப் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னான்.

"மைனி, வேற கிரகத்துல உயிர் இருக்க சாத்தியம் உண்டாம்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. பால்வீதியில எண்ண முடியாத அளவுக்கு நட்சத்திரம் இருக்குல்லா? எங்கயாவது இருக்கும்னு ஒரு கணக்கு."

"பாக்காமலே இருக்குன்னு சொல்லுகாங்களா?"

"ஆமா."

அவள் மடியில் இருந்த கவரைப் பார்த்தாள்.

"ஒங்க அண்ணன் கடலுக்குப் போயி மூணு மாசம். வள்ளம் மட்டும் கெடச்சுது, ஆளக் காணல. பாக்காமலே செத்துட்டாருன்னு எங்கிட்ட கையெழுத்து கேக்காங்க."

"பிள்ளைகளுக்கு அந்த சர்ட்டிபிகேட் வேணும், மைனி."

கையெழுத்துப் போட வேண்டிய ஆபீஸ் ஸ்டாப் வந்ததும் அவன் எழுந்தான்.

"எறங்கணும், மைனி."

"கடலும் பெருசுதான தம்பி. எங்கயாவது இருப்பாரு."

அவள் அசையவில்லை. இரண்டு பேர் இறங்கினார்கள், பஸ் கிளம்பியது. அவன் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் கடைசி ஸ்டாப்புக்கு இரண்டு டிக்கெட் கேட்டான்.